வயிற்றின் பொருட்டு

நோய் அவருக்கு, மாத்திரையோ எங்கள் இருவருக்கும் என்றாயிற்று. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையும் இரவும். முதல் வாரத்திலேயே அவர் வயிறு இரைந்தது, உப்பியது, விடியுமுன் இருவரையும் எழுப்பியது. நாவில் உலோகச் சுவை வேறு. ரசம்கூடத் துருப்பிடித்தாற்போல் இருக்கிறது என்றார்.

1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் இம்மருந்தின் பயனை வெளியிட்டபோது சூட்டிய பெயர் குளுக்கோஃபாஜ். சர்க்கரை உண்ணி என்று பொருள். பொருந்தாத பெயர்தான். அது சர்க்கரையை உண்பதில்லை. கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குவதைக் குறைக்கிறது. ஆனால் இரத்தத்தில் இருப்பதைவிடக் குடற்சுவரில் பன்மடங்கு செறிந்து தங்குகிறது. வந்த வினை அங்கேதான்.

பேருந்துப் பயணம் என்றால் முந்தைய இரவே மாத்திரையை விட்டுவிடுவார். நாங்கள் அதைப் பேசிக்கொள்ளவில்லை. அட்டையில் மிஞ்சியவை பேசின. அடுத்த பரிசோதனையில் ஏறியிருந்த சர்க்கரையும் பேசிற்று. நெஞ்சுவலி என்றால் ஊருக்கே சொல்லியிருப்பார். வயிற்றுப்போக்கை மருத்துவரிடம் சொல்லக்கூட நா எழவில்லை. (நம் கதைகளிலும் காதலருக்கு நெஞ்சு உண்டு, குடல் பெரும்பாலும் இல்லை.)

ஒருவழியாகச் சேர்ந்து போய்ச் சொன்னோம். மெல்லக் கரையும் வகைக்கு மாற்றி, இரவு உணவோடு ஒன்றில் தொடங்கி, வாரக்கணக்கில் அளவைக் கூட்டினார் மருத்துவர். நாள்பட உண்பதால் பி12 குறையக்கூடும், அதையும் அவ்வப்போது பாருங்கள் என்றார். எங்கள் வீட்டில் இப்போது மாத்திரைக்கான வேளை, இரண்டாம் இட்லிக்கும் மூன்றாம் இட்லிக்கும் இடையில்.

வெளியூர்த் திருமணங்களுக்கு மறுபடி போகிறோம். மண்டபத்துள் நுழைந்ததும் இருவர் கண்களும் ஒருசேரக் கழிப்பறை எப்பக்கம் என்று தேடுகின்றன. மணமேடையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.