கொஞ்சம் இரைச்சல் நல்லது... நரம்புக்கு!

வயதானவர்கள் தடுமாறி விழுவதற்குக் கண்பார்வையும் மூட்டுவலியும் மட்டுமே காரணம் அல்ல. உள்ளங்காலில் உணர்ச்சி மங்குவதும் ஒரு காரணம். நிற்கும்போது உடல் லேசாக முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் பாத நரம்புகளில் பதிந்தால்தான் மூளை சுதாரிக்கும்.

ஆனால், நியூரான் சின்னத் தூண்டலுக்கெல்லாம் அசையாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் மின்துடிப்பை அனுப்பும். இடுப்பில் இருக்கும் முக்கால் குடத்துத் தண்ணீர் நடைக்கேற்ப ஏறி இறங்கும், சிந்தாது. கூடவே லேசான குலுக்கல் சேர்ந்தால்? தண்ணீர் மேலே ஏறும் நேரமாகப் பார்த்துச் சிந்தும். அது சிந்தும் தாளத்தை வைத்தே நடையைச் சொல்லிவிடலாம். குலுக்கல் அதிகமானால் கண்டபடி சிந்தி, தாளம் தொலைந்துவிடும்.

நரம்பிலும் இதே கதைதான். தாறுமாறான இரைச்சல் அளவாகச் சேர்ந்தால், பலவீனமான அலையும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. இதன் பெயர் 'ஸ்டோகாஸ்டிக் ரெசொனன்ஸ்'. 1993-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், இறாலின் உறவான கிரேஃபிஷின் நரம்புகளில் இதைக் காட்டினார்கள்.

2003-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், அதிரும் ஜெல் இன்சோல்கள் மேல் 27 பேரை நிற்க வைத்தார்கள். அவர்களில் 12 பேர் முதியவர்கள். உணரவே முடியாத அந்த மெல்லிய அதிர்வில் உடல் ஆட்டம் குறைந்தது. முதியவர்களுக்குப் பலன் அதிகம்.

சோதித்தது நிற்கும்போது மட்டும்தான். இன்சோல் இருந்தால் விழவே மாட்டார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வீட்டுப் பெரியவர்கள் "கால் மரத்துப்போகுது" என்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப்போங்கள்.