குரலுக்குத் தனி வழி

ஃபைலுக்கும் பேச்சுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஃபைல் ரெண்டு விநாடி தாமதமாக வந்தாலும் ஃபைல்தான். பேச்சு அரை விநாடி தாமதித்தாலே எதிர்முனையில் "ஹலோ... ஹலோ..." என்று கத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தது வேளச்சேரியில், ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு (பெயர் வேண்டாமே!) இன்பிளாண்ட் டிரெய்னிங் போனபோது. மத்தியானமானால் ரிசப்ஷன் அக்கா, "கேக்கலைங்க, திருப்பிச் சொல்லுங்க" என்று தொண்டை வறளக் கத்துவார். 'வெறும் வயிற்றோடு வாங்க' என்று போனில் சொன்னது சரியாகப் போய்ச் சேராமல், தரமணியிலிருந்து ஒரு தாத்தா இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்கேனுக்கு வந்து, அப்படியே திரும்பிப் போனார். எனக்கு மனசே ஆறவில்லை.

காரணம் எளிது. ஸ்கேன் படங்கள் சர்வருக்குக் காப்பியாகும் நேரம் அது. போனும் கம்ப்யூட்டரும் ஒரே கேபிள், ஒரே ஸ்விட்ச். ஐ.பி. போன் பொதுவாக 20 மில்லிசெகண்ட் பேச்சை ஒரு பாக்கெட்டாக்கி, விநாடிக்கு 50 அனுப்பும். படங்களின் கியூவில் சிக்கி லேட்டாக வரும் பாக்கெட்டை எதிர்முனைப் போன் தூக்கிப் போட்டுவிடும். வார்த்தை பாதியில் அறுந்துபோகும்.

எங்கள் சீனியர் புதுக் கேபிள் எதுவும் இழுக்கவில்லை. கம்ப்யூட்டர்களுக்கு ஒரு வி-லேன், போன்களுக்கு இன்னொன்று. 1998-ல் வந்த 802.1 க்யூ தரப்படி ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் டேக். அதில் 12 பிட் வி-லேன் எண், 3 பிட் முன்னுரிமை. பரீட்சையில் நாம் அந்த எண்ணோடு நிறுத்திவிடுகிறோம். உண்மையில் பேச்சைக் காப்பாற்றுவது அந்த 3 பிட்தான்! ரோட்டில் கோடு போட்டால் மட்டும் ஆம்புலன்ஸ் போய்விடுமா? விஜயநகர் சிக்னலில் போலீஸ்காரர் கையைக் காட்ட வேண்டாமா? வி-லேன் ஆளைப் பிரிக்கும். எந்த கியூ முதலில் என்பதை ஸ்விட்சுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இந்தச் சண்டை பழசுதான். மோடம் காலத்தில், ஒரு லைன் மணிக்குச் சராசரி 6 நிமிஷம்தான் பேசும் என்று கணக்குப் போட்டு எக்ஸ்சேஞ்சுகளைக் கட்டியிருந்தார்கள். இன்டர்நெட்காரர்கள் மணிக்கணக்கில் லைனைப் பிடித்துக்கொள்ள, பேசுகிறவனுக்கு லைன் கிடைக்கவில்லை. நம்ம வேளச்சேரிக்குப் பக்கத்துச் சுவரான ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட், குரலை எக்ஸ்சேஞ்சுக்கும் டேட்டாவை நேராக இன்டர்நெட்டுக்கும் பிரித்து அனுப்பியது.

நம் லேபில் மேனேஜ்டு ஸ்விட்ச் ரெண்டு சும்மா கிடக்கிறது. ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் என்னை வந்து பாருங்கள்.