கல்லறைக் கல்லும் உருளைக்கிழங்கும்

கொல்கத்தா போனால் ஜாப் சார்னாக்கின் கல்லறையைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். முந்நூறு வருஷம் தாண்டியும் கல்லில் எழுத்து அழியவில்லை. அது நம்ம பல்லாவரம் வகைக் கல். அவர் பெயரிலேயே அதை ‘சார்னகைட்’ என்கிறார்கள்.

நீலகிரியும் பெரும்பாலும் அதே கல்தான். வயசு சுமார் 250 கோடி வருஷம். அப்படிப்பட்ட கெட்டி மலையில் மண் ஏன் கரைகிறது?

ஒரு ஐப்பசி மழையில் குந்தா பக்கம் போனபோது இதைத்தான் யோசித்தேன். ஓடைத் தண்ணீர் டீ மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கல் கெட்டிதான். ஆனால், கோடிக்கணக்கான வருஷ மழையும் வெயிலும் அதன் மேல்பகுதியைக் களிமண்ணாக்கிவிட்டன. அதிலுள்ள இரும்பு துருப்பிடித்ததால்தான் அந்தச் சிவப்பு. செங்குத்தான இடத்தில் மண் தங்குவதில்லை. பாறை மொட்டையாக நிற்கிறது. சரிவு குறைந்த இடத்தில் பல அடி ஆழத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. பெருமழையில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே பாறை தடுக்க, ஊறிய மண் அப்படியே வழுக்குகிறது. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அது ஒரே நாளில் போகிற மண். தினமும் சத்தமில்லாமல் போகிற மண்ணும் உண்டு. எதிரே உருளைக்கிழங்குத் தோட்டம். மேலிருந்து கீழாகப் பார் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு பாரின் இடுக்கும் ஒரு குட்டி வாய்க்கால்.

“குறுக்கால பார் புடிச்சா மண்ணு நிக்குமே?” என்றேன் தோட்டக்காரரிடம்.

“தண்ணியும் நிக்கும் சார். கெழங்கு அழுகிடும்.”

“லேசா சாய்வு வெச்சா தண்ணி வடிஞ்சிடுமே. ஓரத்துல புல் வரப்பு போட்டா மண்ணையும் புடிச்சிக்கும்.”

சிரித்தார். “தெரியும் சார். வருஷக் குத்தகை. நான் வரப்பு போட்டா, அடுத்த வருஷம் எவனோ அறுப்பான்.”

எனக்குப் பதில் வரவில்லை. விரற்கடை மண் உருவாக நூற்றுக்கணக்கான வருஷமாகும். அவர் கையில் இருப்பதோ ஒரு வருஷம்.

அந்த மண் குந்தா ஆற்றில் இறங்கி, பவானியில் கலந்து, பில்லூர் அணையில் படிகிறது. படிகிற மண்ணின் அளவுக்குத் தண்ணீருக்கு இடம் குறையும். கோயம்புத்தூரில் பல குழாய்களில் வருவது அந்த அணைத் தண்ணீர்தான்.

அங்கேதான் என் வீடும் இருக்கிறது. மார்க்கெட்டில் கிழங்குக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறவன் நான். அந்த வரப்புக்கான கூலியை யார் தருவது? நீங்களே சொல்லுங்கள்.