சின்ன டபிள்யூ, பெரிய டபிள்யூ

போன மாசம் பெரியப்பாகிட்ட இருந்து போன். "நீ குடுத்த புரோகிராம் ஒண்ணுமே பண்ணலையேப்பா."

சுர்ர்னு ஏறிடுச்சு எனக்கு. ரெண்டு வாரம் ராத்தூக்கம் கெட்டு எழுதினதுங்க அது.

2002-ல பெரியம்மா சொல்லச் சொல்ல, அவங்க சமையல் குறிப்பையெல்லாம் பெரியப்பா ஒத்தை விரலால் தட்டி வச்சிருந்தார். எல்லாம் திஸ்கி. பெரியம்மா இப்போ இல்லை. அந்த எழுத்துருவும் அவரோட புதுப் பொட்டியில் இல்லை. திறந்தால் கொம்பு முளைச்ச ஐரோப்பிய எழுத்தாத்தான் தெரியுது. அதை யூனிகோடுக்கு மாத்த சி மொழியில் ஒரு குட்டி நிரல். மாதிரிக்கு அவர் அனுப்பின ஒரே கோப்பை என் ராஸ்பெர்ரி பையில் ஓட்டிப் பார்த்தேன். பளிச்சுனு தமிழ்! மிச்சத்தை நானே மாத்திக்கிறேன்னார். சரின்னு லேப்டாப் லினக்ஸில் மிங்டபிள்யூ வச்சு விண்டோஸுக்கும் கம்பைல் பண்ணி அனுப்பிட்டேன். அங்க சோதிச்சியான்னு கேக்காதீங்க.

"கோப்போட அளவு பாருங்க பெரியப்பா."

"போனது 11 கேபி, வந்ததும் 11 கேபி."

அங்கதான் பொறி தட்டிச்சு. யூடிஎஃப்-8-ல ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். கோப்பு பெருத்திருக்கணுமே?

திஸ்கியில் 127 வரைக்கும் ஆங்கிலம், 128-ல் இருந்து மேல தமிழ். அதனால "128-க்குக் கீழ இருந்தா அப்படியே விடு"ன்னு எழுதியிருந்தேன். நான் எடுத்த மாறி 'சார்' வகை (வாத்தியார் சார் இல்லீங்க, சி மொழி சார்). அது குறை எண்ணைப் பிடிக்குமா பிடிக்காதான்னு மொழி அறுதியிட்டுச் சொல்றதில்லை, பொட்டிக்குப் பொட்டி மாறும். பையோட ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255. இன்டெல் வகைப் பொட்டியில் -128 முதல் 127. அங்க எந்த பைட்டும் 128-ஐத் தொடவே தொடாது. பெரியம்மா குறிப்பு மொத்தமும் 'ஆங்கிலம்'!

ஜிசிசி இதைச் சொல்லியிருக்கும். "இந்த ஒப்பீடு எப்பவுமே உண்மை"ன்னு எச்சரிக்கை இருக்கு. ஆனா எங்கிருந்தோ எடுத்த பழைய நூலகம் ஒண்ணு பக்கம் பக்கமா எச்சரிக்கை கொட்டுதேன்னு, மேக்ஃபைலில் 'மைனஸ் சின்ன டபிள்யூ' போட்டு அது வாயை நானே அடைச்சிருந்தேன். அதே எழுத்தைப் பெரிசாப் போட்டு 'ஆல்', 'எக்ஸ்ட்ரா'ன்னு சேர்த்தால்தான் வாய் திறக்கும். கஷ்டகாலம்.

இப்போ சின்ன டபிள்யூ அந்த நூலகத்துக் கோப்புகளுக்கு மட்டும். என் கோப்புகளுக்கு பெரிய டபிள்யூ ரெண்டும். எச்சரிக்கையைப் பிழையாக்குற 'எர்ரர்' என் பொட்டியில் மட்டும்தான். அடுத்தவங்களுக்குக் குடுக்கிற மேக்ஃபைலில் அதைப் போட்டால், நாளைக்குப் புது கம்பைலர் புதுசா ஒண்ணு முனகினாலும் அவங்களுக்கு வேலை நின்னுடும். 'சார்'ல குறை எண்ணே வேணாம்னு சொல்ற தேர்வும் ஜிசிசியில் இருக்கு. ஒரே வரி, முடிஞ்சுது கதை. ஆனா என் மேக்ஃபைல் இல்லாம யாராவது கம்பைல் பண்ணினால் மறுபடி இதே கூத்துதானே? நிரலிலேயே 'அன்சைன்ட்'னு திருத்தினேன். அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு பொட்டியிலும் ஓட்டி, வெளிவந்த கோப்புகளை ஒப்பிட்டும் பார்த்தாச்சு (லேட்டா வந்த ஞானம்).

ராத்திரி பத்தரைக்கு மறுபடி போன்.

"எலுமிச்சை ஊறுகாய் வந்திடுச்சுப்பா. ஆனா உப்பு ரெண்டு படின்னு இருக்கு. இது உன் வேலையா?"

"இல்ல பெரியப்பா, அது நீங்க தட்டினது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆமா, அன்னிக்கே திட்டினா"ன்னார்.