‘சுருள வதக்கவும்’

நம் சமையலறைகளில் வழங்கும் வினைச்சொற்களைச் சற்றே எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நெல்லை அவிக்கிறோம், பருப்பை வேகவைக்கிறோம், கத்தரிக்காயை வதக்குகிறோம், மல்லியை வறுக்கிறோம், அப்பளத்தைப் பொரிக்கிறோம், வாழையிலையை வாட்டுகிறோம், தோசையைச் சுடுகிறோம். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் தமிழ் பிழைபடுவது ஒருபுறமிருக்க, உணவும் பிழைபட்டுவிடும். ஆயினும் இன்று வதக்குவதும் வறுப்பதும் பொரிப்பதும் ‘ஃப்ரை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. மொழிப்பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

அண்மையில் நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். துணைவியார் மறைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அதுவரை தண்ணீர் குடிப்பதற்கன்றி அவர் அடுக்களைக்குள் நுழைந்ததில்லை. பிள்ளைகள் இருப்பதோ தொலைதூரத்தில். அம்மையார் தம் கைப்பட எழுதி வைத்திருந்த சமையல் குறிப்பேட்டை நம்முன் விரித்தார். “எழுத்தெல்லாம் தெரிகிறது சாமி. ஆனால் ஒன்றும் விளங்கவில்லை” என்றார்.

‘சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. சுருள வதக்கவும். பச்சை வாசனை போனதும் தண்ணீர் விடவும். எண்ணெய் பிரிந்து வந்ததும் இறக்கவும்.’

எத்தனை நிமிடம் என்று எங்குமே குறிப்பில்லை. “கைப்பிடி என்றால் யாருடைய கைப்பிடி?” என்று கேட்டார். நமக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

பங்கு இல்லத்தில் சமையற்காரர் விடுப்பில் செல்லும் நாள்களில் நாமே சமைத்து உண்டு பழகியவர்கள் ஆதலால், அவரோடு அமர்ந்து அந்த ஏட்டைப் படிக்கலானோம். படிக்கப் படிக்க ஓர் உண்மை புலப்பட்டது. இந்தச் சொற்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியவை.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் சூடேறாது. பிரஷர் குக்கர் ஆவியை அடைத்து வைத்து அதை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதனால்தான் பருப்பு விரைவில் குழைகிறது. ஆனால் ஒரு பொருள் நன்கு சிவந்து மணம் பெறுவதற்கு ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடி நிகழ்த்தும் இந்த மாற்றத்தை லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர் 1912இல் விவரித்தார். ஆகவே மேற்புறத்தில் ஈரம் உள்ளவரை எதுவும் எளிதில் சிவக்காது.

வெங்காயத்தில் பெரும்பகுதி நீரே. அகன்ற சட்டியில் பரப்பினால் அந்த நீர் ஆவியாகிப் போய்விடும்; துண்டுகள் சுருங்கிச் சுருளும். சிறிய சட்டியில் குவித்தாலோ தன் நீரிலேயே அவிந்துவிடும். பெயர்தான் வதக்கல், நடப்பது அவித்தல்! மசாலாவிலுள்ள நீர் வற்றும்போது, அதுவரை கலந்து நின்ற எண்ணெய் ஓரங்களில் பிரிந்து நிற்கிறது. கைப்பேசியிலோ ‘ஏழு நிமிடம் ஃப்ரை பண்ணவும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஏழு நிமிடம் என்பது யாருடைய அடுப்பில்? எந்தச் சட்டியில்? அம்மையார் கடிகாரத்தை நம்பவில்லை. சட்டியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பொரித்தலும் அவ்வாறே. வடையைச் சுற்றி எழும் குமிழிகள் எண்ணெயின் கொதிப்பு அல்ல, வெளியேறும் நீராவி. சலசலப்பு அடங்கினால் எடுக்கும் வேளை நெருங்கிவிட்டது. வறுப்பதில் மல்லியையும் மிளகாயையும் சீரகத்தையும் ‘தனித்தனியே’ என்று அடிக்கோடிட்டிருந்தார். சீரகம் சிறியது, மல்லி சிவப்பதற்குள் கருகிவிடும் அன்றோ?

ஏட்டின் கடைசிப் பக்கங்கள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குரியவை. அவற்றுள் தூத்துக்குடி மக்ரூனும் இருந்தது. முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றே பொருள்கள். ‘மஞ்சள் துளியும் கூடாது’ என்று எழுதியிருந்தார். மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பு நுரை எழும்புவதைக் கெடுக்கும். ‘பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாதபடி அடிக்கவும். முந்திரித் தூளைக் கிளறாமல் சேர்க்கவும்.’ கிளறாமல் எப்படிச் சேர்ப்பது என்று பெரியவர் திகைத்தார். அகப்பையால் அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும். கிளறினால் நுரைக்குள் அடைபட்ட காற்று போய்விடும். பின்னர் மெல்லிய சூட்டில் நெடுநேரம். இங்கும் நீரைத்தான் வெளியேற்றுகிறோம். ஆனால் சிவக்க விடாமல். இவ்வேலைக்கு நம் வீடுகளில் தனிச்சொல் இல்லை. ரொட்டி சுடுவது, கேக் சுடுவது என்று தோசைக்குரிய சொல்லையே நீட்டிக்கொண்டோம். ஈழத்தில் ‘வெதுப்பகம்’ என்கிறார்கள். நமக்கு அச்சொல் பிடித்திருக்கிறது.

பெரியவர் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, அம்மையாரின் எழுத்தின்மேல் படாதபடி, ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். கைப்பிடிக்கு மட்டும் நம்மிடம் விடை இல்லை. அவருடைய கை பெரியது. இப்போதைக்கு முக்கால் கைப்பிடி என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.