ஒரு கால் மட்டும் வீங்கினால்

அந்தமானில் மரைன் ஹில் சரிவில் ஏறி இறங்குகிறவர்கள் கால் வீக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சென்னையில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களும் அப்படித்தான். "மூணு நாளா கப்பல்ல உட்கார்ந்தே வந்தேன் டாக்டர், அதான்" என்பார்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் நான் அளவு டேப்பைக் கையில் எடுத்துவிடுவேன்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு மேடு கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி அளக்க வேண்டும். வித்தியாசம் 3 செ.மீ.யைத் தாண்டினால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளரில் பார்த்தே ஆகவேண்டும். புதுச் சிறுநீரகத்தின் சிரையை, காலிலிருந்து மேலேறும் பெரிய சிரையோடுதான் தைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்துக் கால் வீங்கினால், அடிவயிற்றில் நிணநீர் தேங்கி அழுத்துகிறதா என்றும் ஸ்கேனில் பார்க்கச் சொல்வேன்.

உறைவு தெரிந்ததும் ஹெபாரின் போடுவோம். ஆனால் ஏன் உறைந்தது? மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நான் தேடும் ஒரு காரணம் சி.எம்.வி. எனும் சைட்டோமெகலோ வைரஸ். அது நம் நாட்டுப் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கிறது. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கியிருக்கும்போது அது தலைதூக்கும்; தடுப்புக்குக் கொடுத்த வால்கான்சிக்ளோவிரை நிறுத்திய பிறகு வரும் மாதங்களில் அதிகக் கவனம் வேண்டும். ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களிலேயே புகுந்து, உறைதலைத் தொடங்கிவைக்கும் புரதங்களை இந்த வைரஸ் தூண்டிவிடும்.

வீங்கிய காலோடு காய்ச்சலும் இருந்தால்? அந்தமானில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலும் டெங்குவும்தான் முதலில் நினைவுக்கு வரும். அது நியாயமே. தட்டணு குறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் சி.எம்.வி.யும் தட்டணுவையும் வெள்ளணுவையும் குறைக்கும். தட்டணு குறைவு என்பதால் ரத்தம் உறையாது என்று நினைத்துவிடக்கூடாது. எனவே மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர் என்றால் எலிக்காய்ச்சல், டெங்கு பரிசோதனைகளோடு சி.எம்.வி. பி.சி.ஆரும் என் சீட்டில் இருக்கும். ஹெபாரினின் அளவைத் தீர்மானிக்கும் முன் தட்டணு எண்ணிக்கையும் கிரியாட்டினினும் கையில் வேண்டும். டாக்ரோலிமஸைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைச் சென்னைக் குழுவிடம் போனில் கேட்டுத்தான் செய்வேன்.

வைரஸைத் தேடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. உறைவுக்கு இதுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், வைரஸ் அடங்கிச் சில மாதங்கள் கழித்து ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவது பற்றி யோசிக்கலாம். காரணம் தெரியாமல் விட்டால், ஏற்கெனவே கைநிறைய மாத்திரை விழுங்குகிறவர் அதையும் ஆயுள் முழுக்க விழுங்க நேரலாம்.