சண்டைப் படத்துல ரயில் பார்க்கறவன்

பழைய போர்ப் படங்கள்ல ஹீரோ துப்பாக்கியைத் தூக்குறப்ப எல்லாரும் அவர் மூஞ்சியைப் பார்ப்பாங்க. நான் பின்னாடி நிக்கிற இன்ஜினைப் பார்ப்பேன். முன்னாடி சின்னச் சக்கரம் எத்தனை, பெரிய சக்கரம் எத்தனை, புகைபோக்கி எப்படின்னு படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணுவேன். ரூம்மேட் தலையில அடிச்சுக்குவான். மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதிப் பொழைக்கிறவனுக்கு வேற என்னங்க ஆறுதல் :-)

நடிகர் எந்த நாட்டுக்காரனா வேணா நடிக்கலாம். இன்ஜினுக்கு நடிக்கத் தெரியாது. 'வான் ரயன்ஸ் எக்ஸ்பிரஸ்' (1965) பார்த்திருப்பீங்க. பிராங்க் சினாட்ராவும் மற்ற கைதிகளும் ரயிலையே கடத்திக்கிட்டு இத்தாலியிலேர்ந்து சுவிட்சர்லாந்துக்கு ஓடுறாங்க. கடைசிச் சண்டை நடக்குற மலையிடுக்கு இருக்கே, அது ஆல்ப்ஸ் இல்லை. தெற்கு ஸ்பெயின்ல மாலகா பக்கத்துல இருக்குற எல் சோரோ. ஸ்பெயின் தண்டவாளம் இத்தாலியோடதை விட சுமார் 23 செ.மீ. அகலம். இத்தாலி ரயில் அதே சக்கரத்தோட அங்க ஓட வாய்ப்பே இல்லை. சினாட்ரா கவலைப்பட்டதா தெரியலை.

ஆனா என் மனசுல முதல் இடம் ஜான் ஃபிராங்கன்ஹைமரோட 'தி ட்ரெயின்' (1964) படத்துக்குத்தான். 1944 ஆகஸ்ட், பாரிஸ். பிரான்ஸோட ஓவியங்களை ரயில்ல ஏத்தி ஜெர்மனிக்குக் கடத்தப் பார்க்கிறார் ஒரு கர்னல். தடுக்கணும் ரயில்வேக்காரர் பர்ட் லங்காஸ்டர். குண்டு விழுந்து ஒரு யார்டே பறக்குமே, அது நிஜ யார்டு. பிரெஞ்சு ரயில்வே எப்படியும் இடிக்க வேண்டியிருந்த இடம், இவங்க வெடி வெச்சுக் கொடுத்துட்டாங்க. தடம் புரளுற இன்ஜினும் நிஜம். நினைச்சதை விட வேகமா வந்து சில கேமராக்களையும் நொறுக்கிடுச்சு.

இதையெல்லாம் விட எனக்குப் பிடிச்சது சின்ன சீன் ஒண்ணு. கிழட்டு டிரைவரா வர்ற மிஷல் சிமோன், எண்ணெய் போற வழியில சில்லறைக் காசைப் போட்டு அடைச்சுடுவார். அவ்வளவுதான் நாசவேலை! எண்ணெய் இல்லாம பேரிங் சூடேறி உருகி, அத்தனை டன் எடை இன்ஜின் படுத்துடும். விஷயம் வெளிய வந்ததும் அவரைச் சுட்டுடுறாங்க. அப்புறம் லங்காஸ்டர் தன் கையாலயே உலோகத்தைக் காய்ச்சி ஊத்திப் புது பேரிங் வார்ப்பார். டூப் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை. எங்க காலேஜ் ஒர்க்ஷாப்ல நாலு வருஷத்துல நான் கத்துக்காததை அந்த ஒரு சீன்ல பார்த்தேன்.

நிஜத்துலயும் அப்படி ஒரு ரயில் இருந்தது. 148 பெட்டி ஓவியங்களோட கிளம்பி பாரிஸ் புறநகரைக் கூடத் தாண்டலை. ரயில்வேக்காரங்க சண்டை போடலை, தாமதம் பண்ணியே நிறுத்திட்டாங்க. நம்ம ஆபீஸ் ஃபைல்களை நினைச்சுக்குங்க. படத்தோட முடிவுல ஓவியப் பெட்டிகள் ஒரு பக்கம், சுடப்பட்ட பிணைக்கைதிகள் ஒரு பக்கம்னு தண்டவாளத்து ஓரம் கிடக்கும். அதைப் பார்த்துட்டு சக்கரம் எண்ண எனக்குத் தோணலை.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) பத்தி ஆபீஸ்ல பேசிக்கிட்டிருந்தப்பவும் அப்படித்தான் ஆச்சு. தாய்லாந்து கதை, ஆனா படம் பிடிச்சது இலங்கையில, கித்துல்கலவில். பாலத்தோட சேர்த்து நிஜ ரயிலையே ஆத்துல தள்ளினாங்க. முதல் முயற்சியில வெடி வெடிக்கலை, ரயில் பாட்டுக்கு பாலத்தைத் தாண்டிப் போய் மோதி நின்னுச்சு. நான் இதையெல்லாம் உற்சாகமா அளந்துக்கிட்டிருந்தேன். எங்க டீம்ல கோலாலம்பூர்லேர்ந்து வேலை பார்க்கிற தமிழ்ப் பையன் ஒருத்தன் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தவன், "அதுல நம்ம ஆளுங்க வர்றாங்களா?"ன்னான்.

வரலை. படத்துல பாலம் கட்டுறவங்க பிரிட்டிஷ் போர்க்கைதிகள். நிஜத்துல 1942-43ல ஜப்பானியர்கள் போட்ட அந்த 415 கி.மீ. பாதையில 60,000க்கு மேல போர்க்கைதிகள், அதைப் போல மூணு நாலு மடங்கு ஆசியக் கூலிகள். மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். நல்ல சம்பளம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க, அப்புறம் புடிச்சே கொண்டு போனாங்க. காலரா, பட்டினி, அடி. செத்த கைதிகள் 12,000க்கு மேல, கூலிகள் சுமார் 90,000ன்னு மதிப்பிடுறாங்க. கைதிகளுக்குப் பேர் எழுதின கல்லறைகள் காஞ்சனபுரியில வரிசையா இருக்கு.

இவனோட தாத்தாவுக்கு அப்பா சயாமுக்குப் போனவர் திரும்பலையாம். என்னிக்கு இறந்தார்னு தெரியாததால திதி கிடையாது, ஆடி அமாவாசைக்குத்தான் படையல்.

அந்தப் பாதையில நாம் தோக் வரைக்கும் இப்பவும் மீட்டர் கேஜ் ரயில் ஓடுது. வர்ற டிசம்பர்ல ரெண்டு பேரும் போறோம். ஜன்னல் சீட்டு அவனுக்குத்தான்னு சொல்லிட்டேன்.